நோஸ்ஃபெராட்டு: முதன்முறை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

‘நோஸ்ஃபெராட்டு’ 1922ஆம் ஆண்டு ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய, ரத்தம் குடிக்கும் ஒரு காட்டேரியைப் பற்றிய ஊமைப்படம். பேய்ப்படங்களில் ஊறியவர்கள் என்றாவது ஒருநாள் இதனிடம் வந்து சேருவார்கள். வந்தவர்களில் பலர் இருபது நிமிடத்தில் எழுந்தும் போய்விடுவார்கள். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் இதைப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். படத்தின் முடிவு ஒரே ஒரு பதிலில் வருகிறது. அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப்படம் இன்று பயமுறுத்துமா?

தூக்கிவாரிப்போடும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கதவுக்குப் பின்னாலிருந்து திடீரென்று யாரும் பாய மாட்டார்கள். இந்தப் படத்தின் பயம் வேறு வகை. ஒன்று வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக வருகிறது, எல்லோருக்கும் தெரிந்தே வருகிறது, யாராலும் தடுக்க முடியவில்லை. அவ்வளவுதான். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து சோதனை முடிவுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பயம் பழக்கமானதுதான்.

நானும் முதன்முறை பார்த்தபோது பயப்படவில்லை. கல்லூரி விடுதியில், பகலில், ஒரு கணினித் திரையில் பார்த்தேன். கூட இருந்த நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆறேழு ஆண்டுகள் கழித்து நல்ல பிரதி ஒன்று கிடைத்து, இரவில் தனியாகப் பார்த்தேன். அன்று படம் முடிந்தபின் மாடிப்படி விளக்கை அணைக்காமல் படுத்தேன். படம் மாறவில்லை, பிரதிதான் மாறியிருந்தது. ஆகவே அடுத்த கேள்வியைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது? இணையத்தில் பத்துப் பதினைந்து கிடக்கின்றனவே?

பெரும்பாலானவை குப்பை. கடுமையான சொல்தான், ஆனால் இந்தப் படத்தைக் கைவிட்டவர்களை விசாரித்தால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி பிரதிதான்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 94 நிமிடம் இருக்க வேண்டும். ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு விநாடிக்கு இத்தனை பிரேம் என்ற ஒரே கணக்கு அப்போது கிடையாது. இந்தப் படத்துக்கு விநாடிக்குப் பதினெட்டு பிரேம் என்பது பொருந்திவரும் வேகம். பேசும்படக் காலத்தில் வேகம் விநாடிக்கு 24 பிரேம் என்று நிலைத்துவிட்டது. பழைய சுருளை அந்த வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் எல்லாம் எறும்புக்கூட்டம் கலைந்ததுபோல் ஓடுவார்கள். உங்கள் கையிலிருக்கும் பிரதி எழுபது நிமிடத்துக்குள் முடிகிறதென்றால் ஒன்று வேகம் தவறு, இல்லையென்றால் காட்சிகள் போயிருக்கின்றன, பல சமயம் இரண்டும்தான்.

அடுத்து பெயர்களைப் பாருங்கள். எழுத்து அட்டையில், அதாவது காட்சிகளுக்கு நடுவே வசனத்தையும் விவரத்தையும் எழுதிக் காட்டும் அட்டையில், காட்டேரியின் பெயர் ‘டிராகுலா’ என்றும் நாயகனின் பெயர் ‘ஹார்க்கர்’ என்றும் வந்தால், அது ஆங்கிலம் பேசும் நாடுகளுக்காகப் பிற்பாடு மாற்றிய பிரதியின் வழியில் வந்தது. மூலத்தில் அவன் ஓர்லோக், நாயகன் ஹுட்டர், அவன் மனைவி எல்லன்.

கடைசியாக நிறம். படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது, ஆனால் கறுப்பு வெள்ளையாகத் திரையிடப்படவில்லை. இதற்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறேன்.

இவை மூன்றும் சரியாக அமைந்தது, ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா 2006 வாக்கில் மீட்டெடுத்த பிரதி. பாரிஸ் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த, 1922ஆம் ஆண்டின் நிறமேற்றிய பிரெஞ்சுப் பிரதிதான் அதற்கு அடிப்படை.

இரவு என்கிறார்கள், ஆனால் வெயில் பளீரென்று அடிக்கிறதே?

இது நல்ல கேள்வி. எங்கள் விடுதிச் சிரிப்புக்கும் இதுதான் பாதிக் காரணம். ஓர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வருவான். நிழல் தரையில் தெளிவாக விழுந்திருக்கும். “வெயில் ஆகாத காட்டேரி பட்டப்பகலில் மூட்டை தூக்குகிறானே!” என்று ஒருவன் கேட்க, நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அன்றைய படச்சுருளுக்கு இரவு வெளிச்சத்தில் தெருவையோ காட்டையோ பதிவு செய்யும் திறன் இல்லை. ஆகையால் வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிறகு அந்தச் சுருளை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகலோ விளக்கு எரியும் அறையோ, இளஞ்சிவப்பு என்றால் விடியல். அன்றைய பார்வையாளருக்கு இந்தக் குறிப்பு தானாகப் புரிந்தது, நம் ஊர் நாடக மேடையில் நீல விளக்கு எரிந்தால் நாம் இரவு என்று எடுத்துக்கொள்வதைப் போல. சாயம் போன பிரதிகளில் இந்த இலக்கணமே அழிந்துவிடுகிறது. எது இரவு, எது பகல் என்பதே உயிர் மரணப் பிரச்சினையாக இருக்கும் ஒரு கதையில் அதுவே அழிந்துபோனால் மிச்சம் என்ன இருக்கும்?

நீலத்தில் பார்க்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. வெயிலில் எடுத்த நிழல்கள் நீலத்துக்கு அடியிலும் கூர்மையாகவே இருக்கின்றன. நிலவொளி அப்படி இருக்காது. ஏதோ ஒன்று சரியில்லை என்று கண் முணுமுணுக்கும், காரணம் சொல்லத் தெரியாது. இதை அவர்கள் திட்டமிட்டுச் செய்தார்களா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

கதை என்ன? தெரியாமல் பார்ப்பது நல்லதா?

தெரிந்துகொண்டே பாருங்கள். இது மர்மக் கதை அல்ல.

1838ஆம் ஆண்டு, விஸ்போர்க் என்ற கற்பனைத் துறைமுக ஊர். வீட்டுத் தரகன் நோக் தன்னிடம் வேலை பார்க்கும் ஹுட்டரை டிரான்சில்வேனியாவுக்கு அனுப்புகிறான். அங்கே ஓர்லோக் பிரபுவுக்கு இந்த ஊரில் ஒரு வீடு வேண்டுமாம். ஹுட்டர் போகிறான், பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறான், தன் மனைவி எல்லனின் சிறு உருவப்படத்தை ஓர்லோக் பார்க்கும்படி விட்டுவிடுகிறான். பிரபு மண் நிரப்பிய சவப்பெட்டிகளோடு கப்பலேறுகிறான். கப்பலில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஊருக்குள் கொள்ளைநோய் நுழைகிறது.

இது டிராகுலா கதைதானே? பெயர்களை மட்டும் ஏன் மாற்றினார்கள்?

அதே கதைதான். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலை, அனுமதி வாங்காமல் எடுத்துக்கொண்டார்கள். லண்டன் விஸ்போர்க் ஆனது, டிராகுலா ஓர்லோக் ஆனான். வேடிக்கை என்னவென்றால் ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றியவர்கள், படத்தின் தொடக்க அட்டையிலேயே ‘டிராகுலா’ நாவலைத் தழுவியது என்று எழுதியும் போட்டார்கள். திருடிய மாட்டின் கழுத்தில் சொந்தக்காரன் பெயரைத் தொங்கவிட்டு ஓட்டிப்போனது மாதிரி.

ஸ்டோக்கர் 1912இலேயே காலமாகிவிட்டார். அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை. கணவர் விட்டுச்சென்ற சொத்தில் வருமானம் தரக்கூடியது அந்த ஒரு நாவல்தான். எழுத்தாளர் சங்கத்தின் துணையோடு வழக்கை நடத்தினார். இதற்குள் படத் தயாரிப்பு நிறுவனம் திவாலாகிவிட்டது, அதனால் பணம் கிடைக்க வழியில்லை. அப்படியானால் படமே இருக்கக் கூடாது என்றார். 1925இல் பெர்லின் நீதிமன்றம் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்புச் சொன்னது.

சினிமா வரலாறு எழுதுகிறவர்களில் சிலர் அந்த அம்மாளை வில்லி போலக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு விதவையின் ஒரே சொத்தை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் படமாக்கியவர்கள் யார்? படம் தப்பித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது.

அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் நமக்குச் சட்டென்று ஒரு வியப்பு: ‘பிராணா ஃபிலிம்’. நம்முடைய பிராணன்தான். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்பின் கிராவ் மறைஞானத்தில் ஈடுபாடு கொண்டவர், படத்தின் அரங்கமும் உடைகளும் அவர் வடிவமைத்தவை. உயிர்மூச்சு என்று பெயர் வைத்த நிறுவனம் இந்த ஒரே படத்தோடு மூச்சை விட்டது.

அழிக்கச் சொன்ன படம் எப்படிப் பிழைத்தது?

தீர்ப்பு வருவதற்குள் பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டன. பெர்லினில் எரித்தால் பாரிஸில் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாட்டுப் பிரதியிலும் வெட்டு வேறு, அட்டை வேறு. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அவற்றை அருகருகே வைத்து, இந்தக் காட்சி இதில் முழுதாக இருக்கிறது, அந்த அட்டை அதில் மூலச்சொல்லோடு இருக்கிறது என்று ஒட்டுப்போட்டுத்தான் இன்று நாம் பார்க்கும் படத்தை உருவாக்கினார்கள். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

இதை எழுதும்போது ஒரு வயிற்றெரிச்சல். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் ஊமைக் கதைப்படம். அதை அழிக்கும்படி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஒரு அடிச்சுருள்கூட நம்மிடம் மிச்சமில்லை.

ஓர்லோக் ஏன் இத்தனை அசிங்கமாக இருக்கிறான்? டிராகுலா என்றால் கோட்டு சூட்டுப் போட்ட சீமான் இல்லையா?

அந்தச் சீமான் பிற்பாடு நாடக மேடையிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் வந்தவன். அவன் வசியம் செய்வான், கையை முத்தமிடுவான். ஓர்லோக்கிடம் அந்தப் பேச்சே கிடையாது. வழுக்கைத் தலை, வௌவால் காது, நீண்ட நகம், புடைத்த கண். பல்லைக் கவனியுங்கள். மற்றக் காட்டேரிகளுக்குக் கோரைப்பல் நீண்டிருக்கும், இவனுக்கு முன்பல் இரண்டும் நீண்டிருக்கும், எலிக்கு இருப்பதைப் போல. எலிகளோடுதான் இவன் ஊருக்குள் வருகிறான்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஓர்லோக் திரையில் இருக்கும் நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் ஏறக்குறைய ஒன்பது நிமிடம்தான். முதன்முறை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் என்பார்கள்.

நடித்தவர் உண்மையிலேயே காட்டேரி என்று ஒரு கதை உலவுகிறதே?

மாக்ஸ் ஷ்ரெக் என்பது அவருடைய சொந்தப் பெயர். ‘ஷ்ரெக்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு ‘திடுக்கிடல்’ என்று பொருள் இருப்பதால் புனைபெயர் என்று சிலர் நினைத்தார்கள், அதிலிருந்து வதந்தி கிளை விட்டது. 1879இல் பெர்லினில் பிறந்தவர், மேடை நடிகர், மற்றப் படங்களிலும் நடித்தார், 1936இல் இறந்துபோனார். இறந்தபின் எழுந்து வரவில்லை. இந்த வதந்தியை வைத்தே 2000ஆம் ஆண்டில் ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள்.

நடிப்பு மிகையாக இருக்கிறது. சிரிப்பு வந்தால் சிரிக்கலாமா?

தாராளமாக. ஹுட்டராக நடித்த கஸ்டாவ் ஃபான் வாங்கன்ஹைம் முதல் அரை மணி நேரம் முகமெல்லாம் பல்லாக வருவார். வழியில் தங்கும் விடுதியில் கிடைத்த காட்டேரிப் புத்தகத்தைப் படித்துச் சிரிப்பார், தூக்கியெறிவார். ஓர்லோக் பெயரைச் சொன்னதும் விடுதிக்காரர்கள் வாயடைத்து நிற்பார்கள், அதற்கும் சிரிப்பார். அவரைப் பார்த்து நாமும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு கோட்டைக்குள் போனபின் மெல்ல நின்றுபோகிறது. ரொட்டி அறுக்கும்போது விரலில் கத்தி படுகிறது, எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்த ரத்தத்தைப் பார்த்து எழுகிறான். அதற்கப்புறம் ஹுட்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகும்.

மற்றவர்கள் எல்லோரும் கையை வீசி, கண்ணை உருட்டி நடிக்க, ஷ்ரெக் மட்டும் அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள். மற்றவர்களின் மிகையே அவருடைய நிதானத்துக்குப் பின்திரையாக இருக்கிறது. நோக்காக வரும் அலெக்சாண்டர் கிரனாக்கின் நடிப்புதான் எனக்கு இன்றும் கொஞ்சம் தாங்காது. ஈயைப் பிடித்துத் தின்னும் காட்சியில் அவர் என்னைவிட அதிகமாக மகிழ்கிறார்.

நடுவில் பூச்சி தின்னும் செடி, நீர்ப்பூச்சி எல்லாம் வருகின்றன. பாடப்படம் கலந்துவிட்டதா?

இல்லை, வேண்டுமென்றே வைத்தது. பேராசிரியர் புல்வர் தன் மாணவர்களுக்கு ஈயைப் பிடித்து மூடிக்கொள்ளும் செடியைக் காட்டுகிறார். பிறகு உருப்பெருக்கியில் ஒளி ஊடுருவும் ஒரு சிற்றுயிர், இழை போன்ற கைகளால் இரையைச் சுற்றுகிறது. பேய் போல உடலற்றதாகத் தெரிகிறது என்கிறார் பேராசிரியர். வேகமாகத் தாண்டிவிடத் தோன்றும் இடம் இது. தாண்டாதீர்கள். காட்டேரி என்பது இயற்கைக்கு வெளியே இருக்கும் ஏதோ அல்ல, இயற்கையின் உள்ளேயே இருக்கிறது என்று படம் இங்கே சொல்கிறது. சிலுவையைக் காட்டியோ பூண்டு மாலை போட்டோ விரட்டும் காட்சி இந்தப் படத்தில் இல்லாததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. செடியிடம் சிலுவையைக் காட்டி என்ன பயன்?

ஆனால் ஓநாய்மனிதன் என்று சொல்லி ஒரு வரிக்கழுதைப்புலியைக் காட்டுவார்களே, அதற்கு என்னிடம் தத்துவ விளக்கம் எதுவும் இல்லை.

எந்த இசையோடு பார்ப்பது?

ஊமைப்படம் என்றாலும் அரங்கில் இசைக்குழு வாசித்தது. 1922 மார்ச் 4ஆம் தேதி பெர்லின் விலங்கியல் பூங்காவின் சலவைக்கல் மண்டபத்தில் நடந்த முதல் திரையிடலுக்கு ஹான்ஸ் எர்ட்மன் இசையமைத்தார். வந்த விருந்தினர்கள் கதை நடக்கும் காலத்து உடைகளில் வரவேண்டும் என்று அழைப்பு, படத்துக்குப் பின் நடனம். பேய்ப்படம் பார்த்துவிட்டு ஆடப் போனார்கள்!

எர்ட்மனின் முழு இசைக்குறிப்பும் கிடைக்கவில்லை. எஞ்சிய பகுதிகளை வைத்து மறுபடி கட்டிய இசை, மீட்டெடுத்த பிரதியோடு வருகிறது. முதன்முறைக்கு அதுவே சரி. பிற்காலத்தில் பலர் மின்னிசை, ராக், ஆர்கன் என்று புது இசை போட்டிருக்கிறார்கள். அவற்றில் சில நன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஓர்லோக் வரும்போதெல்லாம் டமால் டுமீல் என்று அடிக்கும் இசை இந்தப் படத்துக்குப் பகை. இசை பிடிக்காவிட்டால் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். நான் கப்பல் காட்சியை அப்படித்தான் பார்ப்பேன். மாலுமிகள் எல்லோரும் செத்தபின் கப்பல் தானாகத் துறைமுகத்துக்குள், படச் சட்டத்தின் ஓரத்திலிருந்து, நுழைகிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் அறையில் அதைப் பார்க்க வேண்டும்.

எழுத்து அட்டைகளின் மொழிபெயர்ப்பை நம்பலாமா?

கதைக்கு நம்பலாம். அழகுக்குப் பிரதிக்குப் பிரதி மாறும். ஹுட்டர் பாலத்தைக் கடக்கும் இடத்தில் வரும் அட்டை புகழ்பெற்றது. ஜெர்மன் மூலத்தில் அவன் பாலத்தைத் தாண்டியதுமே விபரீதக் காட்சிகள் அவனைப் பற்றிக்கொண்டன என்று இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதை, “அவன் பாலத்தின் மறுகரையை அடைந்தபோது, ஆவிகள் அவனை எதிர்கொண்டு வந்தன” என்று மாற்றினார்கள். ஆந்த்ரே பிரெத்தோன் உள்ளிட்ட மீமெய்யியல் (சர்ரியலிச) கவிஞர்கள் அந்த வரியில் கிறங்கிப்போனார்கள். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு ஒரு படி மேலே நின்ற அபூர்வமான இடம்.

தமிழில் எழுதும்போது எனக்கும் ஒரு சங்கடம் உண்டு. ரத்தம் குடிக்கும் இந்த ஐரோப்பியப் பிறவிக்கு ‘காட்டேரி’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஆனால் நம் ஊர்களில் காட்டேரியம்மன் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம், ஆடு கோழி கொடுத்துக் கும்பிடுகிறோம், பிள்ளைகளைக் காக்கச் சொல்லி வேண்டுகிறோம். ஓர்லோக்கை அப்படி யாரும் கும்பிடப் போவதில்லை. வேறு சொல் கிடைக்கும் வரை இதையே வைத்து ஓட்டுகிறேன், அம்மன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எலி, கொள்ளைநோய் எல்லாம் நாவலில் இருக்கிறதா?

எலிகள் உண்டு, ஊரை அழிக்கும் கொள்ளைநோய் கிடையாது. அது படம் சேர்த்தது. முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘ஸ்பானிஷ் ஃபுளூ’ என்ற விஷக் காய்ச்சல் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்றது. 1922இல் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். வீட்டுக் கதவுகளில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிடும் காட்சியும், குறுகிய தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சவப்பெட்டிகள் தூக்கிவரப்படுவதை எல்லன் சன்னலிலிருந்து பார்க்கும் காட்சியும் அவர்களுக்குப் பேய்க்கதையாக இருந்திருக்காது. 2020, 2021 ஆண்டுகளுக்குப் பிறகு நமக்கும் அப்படித்தான். என் உறவினர் ஒருவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தோம். அன்று மேற்கொண்டு பார்க்கவில்லை.

யூத வெறுப்பு கலந்த படம் என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறதே?

இருக்கிறது, தட்டிக்கழிக்கக் கூடியதும் அல்ல. கிழக்கிலிருந்து வரும் அந்நியன், வளைந்த மூக்கு, சொத்து வாங்குகிறான், எலிகளையும் நோயையும் கொண்டுவருகிறான். இந்த உருவங்கள் எல்லாம் அன்றைய ஐரோப்பாவின் யூத எதிர்ப்புக் கேலிப்படங்களில் ஏற்கெனவே புழங்கியவை. பின்னாளில் நாஜிகள் எலிகளை வைத்து என்ன பிரச்சாரம் செய்தார்கள் என்பதும் தெரிந்ததே.

மறுபக்கத்தில், திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலேன் யூதர். நோக்காக நடித்த கிரனாக்கும் பேராசிரியராக நடித்த ஜான் கோட்டோவ்ட்டும் யூதர்கள். கோட்டோவ்ட்டை 1942இல் போலந்தில் நாஜிகள் கொன்றார்கள். கிரனாக் நாட்டைவிட்டுத் தப்பி, நியூயார்க்கில் இறந்தார். முர்னாவ் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர், அந்தச் சமூகத்தில் தானும் ஓரத்தில் நின்றவர்தான்.

இதனால் குற்றச்சாட்டு விழுந்துவிடுவதில்லை. யார் எடுத்தார்கள் என்பது ஒன்று, திரையில் என்ன இருக்கிறது என்பது வேறு. ஒரு காட்சியை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். நோய்க்குக் காரணம் நோக் என்று யாரோ சொல்ல, ஊரே கல்லைத் தூக்கிக்கொண்டு அவனைத் துரத்துகிறது. வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையை அவன் என்று நினைத்துப் பிய்த்தெறிகிறார்கள். பழிசுமத்த ஆள் தேடும் கூட்டத்தைப் படம் இங்கே அருவருப்போடுதான் பார்க்கிறது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது, எளிதாக இல்லை.

வெயிலில் காட்டேரி சாகும் என்பது இந்தப் படத்தில்தான் தொடங்கியதா?

(முடிவு இங்கே வருகிறது. வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.)

ஆம். ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுவான். சக்தி குறையுமே தவிர உயிர் போகாது. கடைசியில் கத்தியால்தான் கொல்வார்கள். சூரிய ஒளி பட்டுக் காட்டேரி அழிவதைத் திரையில் முதலில் காட்டியது ‘நோஸ்ஃபெராட்டு’. அதன்பின் எத்தனை படங்கள் இதையே தொன்றுதொட்டு வந்த நம்பிக்கை போல எடுத்துக்கொண்டன என்று எண்ணி முடியாது.

எல்லன் அவனைத் தன் அறைக்கு வரவிடுகிறாள். மாடிப்படியில் அவன் ஏறுவதில்லை, அவன் நிழல் ஏறுகிறது. கையின் நிழல் அவள் மார்பின் மேல் படர்ந்து, இதயத்தைப் பிடித்து இறுக்குகிறது. தொட்டது நிழல்தான், துடிப்பது அவள். பிறகு சேவல் கூவுகிறது. ஓர்லோக் சன்னலைக் கடந்து போக முயன்று, வெளிச்சத்தில் கரைந்து, தரையில் கொஞ்சம் புகையாக மிஞ்சுகிறான். மொத்தம் சில விநாடிதான். ஒன்றரை மணி நேரம் ஊரையே ஆட்டிவைத்தவன் இப்படிச் சத்தமில்லாமல் போவது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அந்தப் புகைதான் பிடித்தது. பார்த்தது கனவோ என்று அவளைக் கேட்கவும் முடியாது, அவளும் இல்லை.

எங்கே எடுத்தார்கள்? அந்த இடங்கள் இன்றும் இருக்கின்றனவா?

பெரும்பாலும் இருக்கின்றன. அந்தக் காலத்து ஜெர்மன் பேய்ப்படங்கள் வர்ணம் தீட்டிய தட்டிகளுக்கு நடுவே அரங்கில் எடுக்கப்பட்டபோது, முர்னாவ் 1921இல் கேமராவை வெளியே தூக்கிக்கொண்டு போனார். விஸ்போர்க் ஊரின் தெருக்களும் சந்தைச் சதுக்கமும் வடக்கு ஜெர்மனியின் விஸ்மர். ஓர்லோக் வாங்கும் பாழடைந்த வீடு, லூபெக் நகரத்தின் பழைய உப்புக் கிடங்குகள். எல்லன் கடலைப் பார்த்தபடி சிலுவைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மணல்மேடு ஸில்ட் தீவு. கோட்டை இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஓராவா. விஸ்மரில் ஓர்லோக் சவப்பெட்டியோடு நுழையும் நீர்வாயில் அப்படியே நிற்கிறது. முதல் காட்சியில் கேமரா எந்தத் தேவாலயக் கோபுரத்திலிருந்து ஊரைப் பார்த்ததோ, அந்தத் தேவாலயம் இரண்டாம் உலகப் போரில் குண்டுபட்டது. இப்போது கோபுரம் மட்டும் நிற்கிறது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். ரத்தக்களறி எதுவும் இல்லை. கப்பலின் அடித்தளத்தில் ஓர்லோக் பெட்டியிலிருந்து பலகை மாதிரி விறைப்பாக எழும் காட்சி மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கு அதிகம் ஒட்டிக்கொள்கிறது. அட்டைகளை யாராவது உரக்கப் படித்துக் கதையாகச் சொன்னால் இன்னும் நல்லது.

புது மறுஆக்கங்களை முதலில் பார்க்கலாமா?

வெர்னர் ஹெர்ஸோக் 1979இலும் ராபர்ட் எகர்ஸ் 2024இலும் எடுத்தார்கள். பழையதை முதலில் பாருங்கள். ஹெர்ஸோக்கின் காட்டேரி தன் தனிமைக்காக அழுகிறவன். இரக்கம் ஒருமுறை வந்துவிட்டால் 1922இன் ஓர்லோக்கிடம் திரும்பிப் போவது கடினம்.

முர்னாவ் அப்புறம் என்ன ஆனார்?

ஹாலிவுட்டுக்குப் போனார், இதைவிடப் பெரிய படங்களையும் எடுத்தார். 1931 மார்ச் மாதம் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. உடலை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து, பெர்லினை ஒட்டிய ஸ்டான்ஸ்டார்ஃப் கல்லறையில் குடும்பக் கல்லறைக்குள் வைத்தார்கள். 2015 ஜூலையில் கல்லறைப் பணியாளர்கள் பார்த்தபோது பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. தலையைக் காணவில்லை. அருகே மெழுகு சொட்டியிருந்தது.